உருக்கியவன் பெயர் எங்கே?

தம்மம்பட்டித் தெருவிலே நடந்து பாருங்கள். உளியோசை உங்களை வரவேற்கும்! சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஒருபுறம் கொல்லிமலையும் மறுபுறம் பச்சைமலையும் காவல் நிற்க, இடையே அமைந்த ஊர் அது. வாகை மரத்துண்டு ஒன்றைக் கிடத்தி, ஒரு கையில் உளியும் மறு கையில் கொட்டாப்புளியுமாகச் சிற்பி அமர்ந்திருக்கிறார். ஒரு தட்டு, ஒரு சிராய் பறக்கிறது. மற்றொரு தட்டு, மற்றொரு சிராய். வெறுங்கட்டையாய்க் கிடந்தது கண் விழிக்கிறது, கழுத்து நிமிர்கிறது, குதிரை வாகனமாய்க் கால் தூக்கிப் பாய்கிறது!

ஆண்டவனைச் சுமக்கும் வாகனமாயிற்றே, பகுத்தறிவு ஏட்டுக்கு அதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். வாகனத்தைப் பார்க்கச் சொல்லவில்லை, தோழர்களே! உளியைப் பார்க்கச் சொல்கிறேன். அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கச் சொல்கிறேன். நார் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் தட்டினால் மரம் பிளக்கும், எந்தப் பக்கம் தட்டினால் வழிவிடும், எவ்வளவு காய்ந்த கட்டை பின்னர் வெடிக்காது - இவையெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். இது அறிவா, வெறும் பழக்கமா?

"பழக்கம்தான், படித்தவனுக்கு இருப்பதே அறிவு" என்று சட்டென்று பதில் சொல்பவர்கள் நம்மிலேயே உண்டு. அப்படிச் சொல்ல நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? கேள்விக்கு விடை தேட, அந்த உளியின் முனையையே வழிகாட்டியாகக் கொள்வோம். உளிக்கு முனை தருவது எஃகு. எஃகின் கதையோ சேலத்து மண்ணின் கதை.

சேலம் நகருக்கு மேற்கே கஞ்சமலை நிற்கிறது. மலை முழுதும் இரும்புத் தாது. அந்தத் தாதுவை நம்பிச் சேலம் வட்டாரத்துச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக உலைகள் எரிந்தன. களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, காட்டு மரத்துக் கரி - இவைதாம் கருவிகள். தாதுவும் கரியும் மாறி மாறி உலையில் விழும்; துருத்தி ஓயாது ஊதும்; இறுதியில் கசடும் இரும்பும் கலந்த கட்டி ஒன்று வெளிவரும். அதைச் சம்மட்டியால் அடித்துக் கசடு போக்கினால் இரும்பு. ஆனால் அது பச்சை இரும்பு. வளையும், வெட்டாது. அதை வெட்டும் பொருளாக்குவதிலேதான் கொல்லனின் திறமெல்லாம் இருந்தது.

உமிக்கரி கலந்த களிமண்ணால் கைப்பிடி அளவில் மூசை வனைந்தான். இரும்புத் துண்டுகளை அதிலே இட்டான். ஆவாரஞ் செடியின் காய்ந்த குச்சிகளை அளவாகச் சேர்த்தான். எருக்கிலையால் மூடினான். மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்தான். இருபது, இருபத்துநான்கு மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினான். ஆறிய பின் மூசையை உடைத்தால், அடியிலே வட்டக் கட்டியாக எஃகு! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சுற்றி வந்த ஐரோப்பியர் நேரில் கண்டு எழுதி வைத்த முறை இது.

ஆவாரங்குச்சி ஏன்? வாயை அடைப்பானேன்? இரும்போடு கரி சிறிதளவு சேர்ந்தால்தான் அது எஃகு. உருக 1,535 பாகை வெப்பம் கேட்கும் இரும்பு, கரி ஏற ஏறக் குறைந்த வெப்பத்திலேயே இளகும். காற்றுப் புகுந்தால் கரி எரிந்து போகும். அடைத்து வைத்தால் இரும்புக்குள் ஏறும். நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் கரி ஏறிய எஃகு, முனை மழுங்காத எஃகு. இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு கரிதான் என்று பாரிசு நகரத்து அறிஞர் மூவர், வாண்டர்மோன்ட், பெர்த்தொல்லே, மோன்ஜ் என்போர், 1786இல் விளக்கினர். அந்த விளக்கம் நம் கொல்லனுக்குத் தெரியாது. ஆனால் அந்த விளைவு அவன் விரல் நுனியில் இருந்தது.

அந்த எஃகு கடல் கடந்தது. கன்னடத்து 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்ற சொல் வெள்ளையர் வாயில் 'வூட்ஸ்' என்று திரிந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட், அதன் துண்டுகளை இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை படித்தார். தாதுவிலிருந்து நேராகவே இந்த எஃகு எடுக்கப்படுகிறது என்று அவர் முடிவு கட்டினார். தவறான முடிவு! முதலில் இரும்பு, பிறகு மூசையில் எஃகு என்பதை எந்தக் கொல்லன் வீட்டுச் சிறுவனும் சொல்லியிருப்பான். ஆனால் கேட்பார் யார்? கட்டி கடல் கடந்தது. கட்டியைச் செய்தவனின் சொல் கடல் கடக்கவில்லை.

இலண்டனில் அறுவைக் கருவி செய்து வந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பிய எஃகைவிட வூட்ஸே மேல் என்று தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டார். அவரோடு சேர்ந்து இந்த எஃகின் மருமத்தைத் துருவ முன்வந்தார் ராயல் இன்ஸ்டிடியூஷனைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். பெயர் மைக்கேல் பாரடே! மின்சாரத்தின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த அதே பாரடே. 1819இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் பொருள், நம் நாட்டு உருக்கு.

பாரடேயின் தந்தை யார் தெரியுமா? கொல்லர்!

ஆம், தோழர்களே, உலைக்களத்தில் இரும்படித்துப் பிழைத்த ஏழைக் கொல்லரின் மகன். பாரடே கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார், குறிப்பெடுத்தார், அதைத் தாமே அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். 1813இல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். கொல்லரின் மகன் ஆய்வுக்கூடம் புகுந்து, எங்கோ ஒரு கொல்லன் உருக்கிய எஃகைக் கையில் ஏந்தி, 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டான்.

அதே ஆண்டில், அதே எஃகை உருக்கிய நம் ஊர்க் கொல்லனின் மகன் என்ன செய்துகொண்டிருந்தான்? துருத்தி ஊதிக்கொண்டிருந்தான்! அவனுக்கு அறிவு குறைவா? இல்லை. அவனுக்குக் கட்ட வரும் புத்தகம் இல்லை. கேட்கச் சொற்பொழிவு இல்லை. தட்டக் கதவு இல்லை.

இங்கிலாந்திலே ஏற்றத்தாழ்வே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். டேவியோடு ஐரோப்பா சென்ற பாரடேயைச் சீமாட்டி டேவி வேலைக்காரனாகவே நடத்தினாள். வேலைக்காரர்களோடு உண்ண வைத்தாள். 1823இல் பாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராக முன்மொழியப்பட்டபோது, எதிர்த்து நின்றவர் டேவியே. அங்கேயும் மேட்டிமை இருந்தது, மிடுக்கு இருந்தது. ஆனால் அங்கே கதவு கனமாக இருந்தது, தள்ளினால் திறந்தது. இங்கே கதவு இருந்த இடத்தில் சுவர் எழுப்பி, அதற்குச் சாத்திரம் என்று பெயரும் சூட்டியிருந்தார்கள்.

மனுநூலின் 4ஆம் அத்தியாயம், யார் யார் கையால் உண்ணக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் இரும்புக் கொல்லன் இருக்கிறான், பொற்கொல்லன் இருக்கிறான், மூங்கில் வேலை செய்பவன் இருக்கிறான். நோய் தீர்க்கும் மருத்துவனும் இருக்கிறான்! பொருளைத் தொட்டவன், உடலைத் தொட்டவன், நெருப்பைத் தொட்டவன் - அனைவரும் தீட்டு. எதையும் தொடாமல் ஓதியவன் மட்டும் தூய்மை! பொருளைத் தொடாமல் விஞ்ஞானம் வளருமா? கையைத் தீட்டாக்கிய நாட்டில் கருத்து மட்டும் காற்றிலே காய்க்குமா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. நாட்டின் தலைசிறந்த இரசாயன அறிஞர், வங்கத்துப் பிரபுல்ல சந்திர ராய், பண்டைய இரசாயன வரலாற்றை எழுதப் புகுந்தபோது இதையேதான் கண்டார். தொழிலெல்லாம் தாழ்ந்த சாதிகளுக்கு என்று தள்ளப்பட்டன. அறிவுடையோர் எனப்பட்டவர் கைவேலையிலிருந்து விலகினர். எப்படி, ஏன் என்ற கேள்வி மறைந்தது. ஆராய்ச்சி மனப்பான்மை அழிந்தது என்பது அவர் தந்த விளக்கம்.

என்றும் இப்படித்தான் இருந்ததா? நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணல் வேறு கதை சொல்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்த ஊரை அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம் கிடைத்தது. மூசையில் எஃகு செய்ததற்கான தடயம் கிடைத்தது. அதே மண்ணில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அரசன் வெட்டிய கல்வெட்டல்ல. சாதாரண மக்கள் தங்கள் பானையில் கீறிய பெயர்கள்! உலையும் எழுத்தும் ஒரே ஊரில் வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் எழுத்து ஒரு வீதிக்கும் உலை மறு வீதிக்கும் பிரிக்கப்பட்டன. பிரித்த நாளில் தொடங்கியது நம் வீழ்ச்சி.

இந்த இடத்தில் நாம் நம்மையே எச்சரித்துக்கொள்ள வேண்டும். "பார்த்தாயா, எல்லாம் நம் முன்னோர்க்கு முன்பே தெரியும், வெள்ளையன் நம்மிடம் திருடினான்" என்று மீசை முறுக்குவது எளிது. புராணத்தில் விமானம் தேடுகிறவர்களின் வேலை அது. நாம் அதைச் செய்யலாகாது. ஷெபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, நல்ல வில்கம்பி வேண்டி, 1740களிலேயே மூசை எஃகைத் தாமே கண்டுபிடித்தார். அதற்கு அவர் நம்மிடம் கடன்பட்டவர் அல்லர்.

நம் கொல்லனிடம் இருந்தது உயர்ந்த அறிவு. ஆனால் அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போயிற்று. வாயிலிருந்து காதுக்குப் போயிற்று, ஏட்டில் ஏறவில்லை. ஊர் தாண்டவில்லை, சாதி தாண்டவில்லை. ஒருவன் கண்டதை மற்றொருவன் சோதிக்க வழியில்லை. மறுப்பாரும் இல்லை, திருத்துவாரும் இல்லை. உலை அணைந்தபோது அறிவும் அணைந்தது!

பாரடேயின் கதையைப் பாருங்கள். நம் உருக்கின் சிறப்புக்குக் காரணம் அதிலே கலந்த அலுமினியம் என்றே அவர் முடிவு செய்தார். அதுவும் தவறு! ஆனால் அந்தத் தவறு அச்சில் ஏறியது. பலர் படித்தனர், சோதித்தனர், தவறு என்று கண்டனர். பாரடேயும் ஸ்டோடார்ட்டும் எஃகோடு குரோமியம் முதலிய உலோகங்களைக் கலந்து பார்த்தது, பின்னாளில் கலப்பு எஃகு என்ற பெருந்துறைக்கே முன்னோடியாயிற்று. 1998இல் அமெரிக்காவின் வெர்ஹோவன் குழுவினர், வனேடியம் போன்ற பொருள்கள் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்ததே அந்த எஃகின் அலைக்கோலத்துக்குக் காரணம் என்று காட்டினர். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர், பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரியின் நுண்குழாய்களைக் கண்டனர். 200 ஆண்டுகளாக ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்கிறார். மாமேதை சொன்னாலும் தவறு தவறே என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்கும் இடத்தில்தான் விஞ்ஞானம் வாழும். குரு சொன்னால் மறுக்காதே, சாத்திரம் சொன்னால் கேட்காதே என்ற நாட்டில் கைத்திறன் வாழலாம், விஞ்ஞானம் வாழாது.

நம் தொன்மைக்கும் இதே அளவுகோல்தான். 2025 ஜனவரி 23இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றைக் கொண்டு, இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்கிறது! நிமிரட்டும். ஆனால் அந்தக் காலக்கணிப்பும் மேலும் மேலும் சோதிக்கப்பட வேண்டும்; உலகத்து அறிஞர் கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். சோதனைக்கு அஞ்சாத பெருமையே பகுத்தறிவாளன் கொள்ளத்தக்க பெருமை.

உலை ஏன் அணைந்தது? அதிலும் சமுதாயக் காரணம் உண்டு. கம்பெனி ஆட்சியின் அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது அங்கே சென்றது. ஆலையின் பசிக்குக் காடுகள் கரியாயின. அந்த ஆலையும் நிலைக்காமல் அந்த நூற்றாண்டு முடியுமுன்பே ஓய்ந்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான ஆலை இரும்பு வந்து குவிந்தது. காட்டுச் சட்டங்கள் கரிக்குத் தடை போட்டன. ஹீத் 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அதன்மேல் நடந்த வழக்கு அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து 1855இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. பட்டயம் பெற்றவனுக்கு வழக்காடவாவது வாய்ப்பு இருந்தது. ஆவாரங்குச்சியை அளந்து போட்டவனுக்கு எந்தச் சபை இருந்தது? ஸ்காட், பாங்க்ஸ், பியர்சன், ஸ்டோடார்ட், பாரடே, ஹீத் - பெயர்கள் வரிசையாக வருகின்றன. உருக்கியவன் பெயர் எங்கே?

அவனை மறந்தது மட்டுமா? அவன் மகனையும் உலையடியிலேயே கட்டிப்போட, சுதந்திரம் வந்த பின்னும் முயன்றார்கள். 1953இல் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நினைவுகூருங்கள். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழில்! கைத்தொழிலுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்றார்கள். பெருமைதான், ஆனால் கொல்லன் மகன் கொல்லனாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த பெருமை! குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டார் பெரியார். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. அதே ஆண்டு ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அத்திட்டத்தை நோக்கி நீண்டது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. பாரடேயின் தந்தைக்கு அப்படியொரு திட்டம் வாய்த்திருந்தால், உலகம் ஒரு நல்ல லாடக்காரனைப் பெற்றிருக்கும். ஒரு பாரடேயை இழந்திருக்கும்!

1967இல் அண்ணாவின் ஆட்சி எழுச்சி நாள் கொண்டாடிச் சேலத்துக்கு உருக்காலை கேட்டது. 1970 செப்டம்பர் 16இல் அடிக்கல் விழுந்தது. 1981இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கே உருட்டப்படுவது துருப்பிடிக்காத எஃகு. குரோமியம் கலந்த அந்த எஃகை 1913இல் ஷெபீல்டில் ஆக்கியவர் ஹாரி பிரியர்லி. அவர் தந்தை எஃகு உருக்கும் தொழிலாளி. மகன் 12 வயதில் பள்ளியை விட்டு மூசை எஃகு ஆலையில் எடுபிடி வேலைக்குப் போனவர். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கற்று உயர்ந்தவர். மீண்டும் ஓர் உலைக்களத்து மகன்! கையின் அனுபவமும் ஆய்வுக்கூடத்தின் கேள்வியும் ஒரே மனிதனிடம் சேரும்போது எதுவும் நடக்கும் என்பதற்கு இன்னொரு சான்று.

பழைய கதை பேசிவிட்டுக் கலைந்து போகலாமா? முடியாது. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டம் என ஒன்றைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களுக்குக் கடனும் கருவியும் பயிற்சியும் தருவது அதன் நோக்கம். நல்லதுதானே? ஆனால் வழிவழியாகக் குடும்பத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்றது. 18 வயதிலேயே சேரலாம் என்றது. கல்லூரிக்குப் போகும் வயதில் 'உன் அப்பன் உளியை எடு' என்றால் அதன் பொருள் என்ன? தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அந்த வடிவில் ஏற்க மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது, குறைந்த வயது 35 ஆக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிறப்பைக் கேளாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. வேறுபாடு சிறிது போலத் தோன்றும். ஒன்று தொழிலைப் பிறப்போடு கட்டுகிறது. மற்றொன்று விருப்பத்தோடு விடுகிறது. இந்த ஒரு முடிச்சிலேதான் 2,000 ஆண்டுச் சிக்கல் அடங்கியிருக்கிறது!

மீண்டும் தம்மம்பட்டிக்கு வருவோம். சிற்பியின் உளி இன்னும் ஓயவில்லை. அவர் செதுக்கிய உருவம் கோவிலுக்குள் போகும். செதுக்கியவர் வெளியே நிற்பார். எல்லாச் சாதியாரும் அர்ச்சகராகலாம் என்ற சட்டம் 1970இல் வந்தும், பயிற்சி பெற்ற பல சாதியினர் பணியில் அமர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்கியவன் வெளியே, ஓதியவன் உள்ளே - கொல்லன் கதையும் சிற்பியின் கதையும் ஒன்றுதான்.

இளைஞர்களே! அந்தச் சிற்பியிடம் குறிப்பேட்டோடு போங்கள். எந்த மரம், எந்த அளவு, எந்த உளி, ஏன் என்று கேளுங்கள். எழுதுங்கள், அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவர் மகள் பொறியியல் படிக்க விரும்பினால் துணை நில்லுங்கள். எந்தக் குடியில் பிறந்த பிள்ளையாவது அவரிடம் உளி பிடிக்கக் கற்க விரும்பினால் அதற்கும் துணை நில்லுங்கள். கொல்லன் மகன் கல்லூரிக்குப் போகட்டும். கல்லூரியில் படிப்பவன் உலைக்களத்துக்கு வரட்டும். கை கேள்வி கேட்கட்டும். கருத்து கரி படியட்டும்!

கஞ்சமலையில் தாது இன்னும் இருக்கிறது. ஆவாரம் இன்னும் பூக்கிறது. உருக்கியவன் பெயர் மட்டும் இல்லை. இனி உருக்கப்போகும் ஒருவன் பெயராவது, ஒருத்தி பெயராவது, அப்படித் தொலையாதிருக்கட்டும்!